தெங்கேரா மணலின் வயது

1

சென்ற வாரம் மலாயா சுதந்திரம் பெற்று ஓராண்டு நிறைந்தது. மலாக்காவில் எங்கள் காஜா பெராங் தெருவில் வீட்டுக்கு வீடு கொடி கட்டினார்கள். என் மகள் மங்கைக்கு ஏழு வயது. பள்ளியில் சொல்லிக்கொடுத்த பாட்டை வாசலில் நின்று மலாயில் பாடினாள். நானும் கூடச் சேர்ந்தேன். இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டு, "அம்மா, நீங்க சும்மா நில்லுங்க. உங்க மலாய் கேட்டா எனக்குச் சிரிப்பு வருது" என்றாள். அந்தத் தமிழிலும் பாதி மலாய் ராகம்தான்.

நான் சேலத்துக்காரி. மாக்னசைட் சுரங்கத்தில் மேற்பார்வையாளராக இருந்தவரின் மகள். சென்னையில் நிலவியல் படித்துப் பட்டம் வாங்கினேன். பட்டம் வாங்கிய ஆறாம் மாதம் திருமணம். கணவர் தியாகராஜன் இங்கே நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். கப்பலில் வந்து இறங்கியபோது என் பெட்டியில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே ஒரு கைப்பூதக்கண்ணாடியும் ஒரு காந்தக் கட்டையும் இருந்தன. சுங்க அதிகாரி அவற்றை எடுத்து நெடுநேரம் பார்த்தார். நகையா கருவியா என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை.

ஊரிலிருந்து கடிதம் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: படித்த படிப்பு அங்கே எதற்காவது பயன்பட்டதா? இத்தனை நாள் பதில் எழுதாமல் நழுவினேன். இந்த ஆண்டு எழுத முடிகிறது. பயன்பட்டது. எப்படி என்று சொல்கிறேன்.

2

மலாக்கா நகரத்துக்கு மேற்கே கடலோரமாக தெங்கேரா. மீனவர்கள் நிறைந்த பகுதி. அங்கே கரைக்குச் சற்று வெளியே கடலடியில் ஒரு மணல் திட்டு பல வருஷமாக வளர்ந்துகொண்டே வந்தது. நீர் வற்றும் நேரத்தில் படகுகள் தரை தட்டின. பிடித்த மீன் கண்ணெதிரே கெட்டது. சுதந்திரம் வந்த பிறகு மீனவர்கள் தங்கள் அரசாங்கம் என்ற உரிமையோடு மனுக் கொடுத்தார்கள். அரசாங்கமும் வெளிநாட்டிலிருந்து ஒரு பொறியாளரை அழைத்து அறிக்கை கேட்டது.

அறிக்கை சொன்னது இதுதான்: வடக்கே லிங்கி ஆற்றின் மேற்பகுதியில், செரம்பானுக்குத் தெற்கே, ஆற்றில் வெள்ளீயம் அலசுகிறார்கள். அங்கே கிளறிவிடப்படும் மணல்தான் ஆற்றோடு கடலுக்கு வந்து, கரையோரமாக நகர்ந்து, தெங்கேராவில் தங்குகிறது. ஆகவே அலசுவதை நிறுத்த வேண்டும்.

அலசுகிறவர்கள் பெண்கள். டூலாங் என்ற அகன்ற மரத்தட்டில் ஆற்று மணலை அள்ளிச் சுழற்றி, அடியில் தங்கும் கறுப்பு ஈய மணலைச் சேர்ப்பார்கள். ஆண்டுதோறும் அதற்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அந்த ஆண்டு சீட்டுகளைப் புதுப்பிக்காமல் நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

இந்தச் செய்தியை நான் பத்திரிகையில் படிக்கவில்லை. செல்லம்மா சொல்லித்தான் தெரியும். செல்லம்மா என் பள்ளி மாணவி ஒருத்தியின் அத்தை. நான் அப்போது இங்குள்ள பெண்கள் பள்ளியில் பகுதிநேரமாக அறிவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மாணவியின் படிப்பை நிறுத்தப்போவதாகச் சொல்ல செல்லம்மா வந்திருந்தாள். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். புருஷன் இறந்த பிறகு தோட்டத்தை விட்டு ஆற்றில் இறங்கியவள்.

"பாஸ் குடுக்க மாட்டேங்கிறாங்க டீச்சர். சுங்கையில, ஆத்துல எறங்குனா போலீஸ் பிடிக்கும். நாங்க முப்பது நாப்பது பொம்பளைங்க இருக்கோம். சீனத்தி பாதி, நம்மாளு பாதி. இந்தப் பிள்ளைய நான்தான் படிக்க வைக்கிறேன். இனிமே எப்பிடி?"

"உங்கள் மணல்தான் தெங்கேராவை அடைக்கிறதா?"

"எனக்கென்ன தெரியும். காகிதத்துல அப்பிடித்தான் எழுதிருக்காம். எம்மணலா இல்லையான்னு மணல்ல பேரா எழுதியிருக்கு?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். என்னால் அன்று பகல் முழுதும் வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

3

எங்கள் அடுத்த வீட்டுக் கனகம்மா மலாக்கா செட்டி வம்சம். பல தலைமுறைக்கு முன்பே வந்து இந்த மண்ணோடு கலந்தவர்கள். மாரியம்மன் கோயிலில் எனக்கு முன்னால் நிற்பாள், நெற்றியில் திருநீறு, உடம்பில் கெபாயா ரவிக்கையும் சாரோங்கும், வாயில் மலாய். எங்கள் இருவருக்கும் பொதுவான சொற்கள் கடை, கப்பல், மாமா என்று ஒரு கைவிரலுக்குள் அடங்கும். மங்கை பாதி நேரம் அவள் வீட்டில்தான் வளர்கிறாள்.

தெங்கேராவில் யாரைத் தெரியும் என்று கனகம்மாவைக் கேட்டேன். அவள் வீட்டுக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கும் அஹமதுவிடம் அழைத்துப் போனாள். ஐம்பது வயது, நிதானமான மனிதர். என் மலாயை முழுமூச்சாகப் பயன்படுத்தி, கப்பல் மணலில் சிக்குவது எங்கே என்று கேட்டேன். கப்பலுக்கு அவர்கள் 'காப்பால்' என்பார்கள். நான் 'கெப்பாலா' என்றேன். அது தலை. உங்கள் தலை எந்த இடத்தில் மணலில் சிக்குகிறது என்று கேட்டிருக்கிறேன். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அஹமது மட்டும் சிரிக்காமல், கடலைக் கை காட்டி, "அங்கேதான். எங்கள் எல்லோருடைய தலையும்" என்றார்.

அவர் படகிலேயே போய்த் திட்டிலிருந்து மூன்று சாக்கு மணல் அள்ளினோம். திரும்பும்போது அவர் சொன்ன ஒரு விஷயம்தான் எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது. "தெற்கே மூவார் பக்கம் தொலைந்த மிதவைகள் எங்கள் கரைக்கு வந்திருக்கின்றன. லிங்கி பக்கம் தொலைந்தது ஒன்றுகூட இங்கே வந்ததில்லை. நீரோட்டம் தெற்கிலிருந்து வடமேற்காகப் போகிறது. மணல் மட்டும் எதிர்த்து நீந்துமா?"

தெற்கே என்றால் லேடாங் மலை. அங்கிருந்து மழைநீரைக் கொண்டு வருவது கெசாங் ஆறு. அதன் முகத்துவாரத்திலிருந்தும் மணல் வேண்டும், லிங்கியின் மேற்பகுதியிலிருந்தும் மணல் வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

4

கெசாங் மணலை அள்ளி வந்த பிறகு, லிங்கி மணலை பஸ்ஸில் கொண்டு வந்தபோது ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். காட்டிலிருக்கும் கிளர்ச்சிக்காரர்களுக்கு அரிசி போகக்கூடாது என்பதற்காக மூட்டைகளைப் பிரித்துப் பார்ப்பது இங்கே இன்னும் வழக்கம். போலீஸ்காரர் என் சாக்குக்குள் கை விட்டார். மணல். இன்னொன்று. அதுவும் மணல்.

"இதை வைத்து என்ன செய்யப் போகிறாய்?"

"வயது பார்க்கப் போகிறேன்."

அவர் என் பொட்டையும் பூதக்கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். என்னை மந்திரவாதி என்று நினைத்திருக்க வேண்டும். சாக்கைத் தானே கட்டி, மரியாதையாகப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

வயது பார்ப்பது என்பது இதுதான். மலைப்பாறை உருகி இறுகும்போது சிர்க்கான் என்ற சின்னஞ்சிறு படிகங்கள் உண்டாகின்றன. அவை உண்டாகும்போதே சிறிதளவு யுரேனியத்தை உள்ளே பூட்டிக்கொள்கின்றன. அந்த யுரேனியம் மாறாத வேகத்தில் காரீயமாகிக்கொண்டே இருக்கும். எவ்வளவு காரீயம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் படிகம் பிறந்த காலம் தெரியும். பாறை உடைந்து மணலாகி, ஆற்றில் உருண்டு, கடலடியில் கிடந்தாலும் அந்தப் படிகம் தன் வயதை இழப்பதில்லை. லிங்கி வரும் மலையும் லேடாங் மலையும் வெவ்வேறு காலத்தில் பிறந்தவையாக இருந்தால், மணலைக் கேட்டே அதன் மலையைச் சொல்லிவிடலாம். இருந்தால் என்பதுதான் சிக்கல். அப்படி இருக்கிறதா என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஈயமணல் ஒரு பொட்டுகூடத் திட்டில் இல்லை என்பதை செல்லம்மா முதல் தட்டிலேயே சொல்லிவிட்டாள். எங்கள் கொல்லையில் குளிக்கும் தொட்டியில் டூலாங்கை மிதக்கவிட்டுத் திட்டு மணலை அலசினாள். இடுப்பிலிருந்து ஒரு சுழற்று, மணிக்கட்டில் ஒரு வெட்டு. வெள்ளை மணல் விளிம்பு வழியாக ஓடியது.

"தீமா, ஈயம் இல்ல டீச்சர். எங்க மணலா இருந்தா கறுப்பா ஒரு கோடாவது நிக்கும்."

இதை எழுதி மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினேன். பொறியாளர் பதில் எழுதினார்: ஈயமணல் கனமானது, வழியிலேயே தங்கிவிடும், லேசான மணல் மட்டுமே கடலுக்கு வரும், ஆகவே இது சான்றாகாது. கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. அதனால்தான் வயது தேவைப்பட்டது.

5

செல்லம்மா மூன்று இடத்து மணலையும் அலசித் தந்த அடிமணலைக் காய வைத்து, காந்தத்தால் இரும்பு மணலை நீக்கி, மிச்சத்தைப் பள்ளி நுண்ணோக்கியில் வைத்து, சிர்க்கான் அல்லாத ஒவ்வொரு மணியையும் ஈரத் தூரிகை நுனியால் ஒற்றி எடுத்தேன். பள்ளி முடிந்த பிற்பகல்கள், பிறகு விடுமுறை முழுவதும். ஒரு மணிக்கு மேல் கண்ணில் நீர் கொட்டும். ஒரு சிட்டிகை சேர வாரக்கணக்கானது.

சென்னையில் நான் படித்த காலத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் ஜன்னல் கடலைப் பார்த்திருக்கும். வகுப்பில் பெண்கள் இரண்டு பேர். என்னுடன் படித்த நரசிம்மன் எப்போதும் கண்ணாடித் தட்டுகளை உடைப்பான், நான் கூட்டுவேன். அவன்தான் இப்போது அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இந்த வயதுக் கணக்கைச் செய்கிற கூடத்தில் ஆராய்ச்சி செய்கிறான். எழுதிக் கேட்டேன். அனுப்பு, செய்கிறேன் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

நான்கு குப்பிகள் தயார் செய்தேன். ஒன்று, திட்டு மணல். இரண்டு, லிங்கி. மூன்று, கெசாங். நான்காவதிலும் திட்டு மணலையே இட்டேன். எது எது என்று நரசிம்மனுக்குச் சொல்லவில்லை. எண் மட்டும் ஒட்டினேன். பட்டியலை ஓர் உறையில் முத்திரையிட்டு, திட்டு விவகாரத்தைக் கவனிக்கும் மாவட்ட அதிகாரி என்சிக் இஸ்மாயிலின் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்திய ரசீதும் வாங்கினேன். என்சிக் என்றால் இங்கே திரு.

அஞ்சலகத்தில் அரைநாள் போயிற்று. குமாஸ்தா படிவத்தைத் திருப்பித் தந்தார்.

"பொருளின் பிறப்பிடம் என்ற இடம் காலியாக இருக்கிறது."

"அது தெரியாமல்தான் அனுப்புகிறேன்."

"தெரியாத இடத்துப் பொருளை அனுப்ப முடியாது, அம்மா."

"அனுப்பாவிட்டால் தெரியாது, ஐயா."

அவர் உள்ளே போய் மேலதிகாரியைக் கேட்டார். மேலதிகாரி கனிமத்துக்கு அனுமதி வேண்டுமென்றார். அனுமதி தரும் அலுவலகம் கோலாலம்பூரில். இரண்டு கடிதம், ஒரு பயணம், ஒரு மாதம். கடைசியில் பிறப்பிடம் என்ற இடத்தில் 'மலாயா' என்று எழுதினேன். புதிய நாட்டின் பெயர் என்பதாலோ என்னவோ, குமாஸ்தா திருப்தியோடு முத்திரை குத்தினார்.

வீட்டில் கணவர் ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பின் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அரசாங்கம் கூட்டிவந்த பொறியாளருக்கு எதிராக அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் மனைவி நிற்கிறாள் என்று அலுவலகத்தில் பேசுகிறார்கள்."

"நிறுத்திவிடட்டுமா?"

தட்டைத் தள்ளி வைத்தார். "நிறுத்தச் சொல்லவில்லை. நீ தப்பாக இருந்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும். அதனால் தப்பாக இருக்காதே." பிறகு போய், கடற்கரை வரைபடம் ஒன்றைத் தம் கையாலேயே பெரிதாக வரையத் தொடங்கினார்.

6

திட்டு விவகாரத்தில் மாவட்ட அலுவலக விசாரணைக்கு நாள் குறித்துவிட்டார்கள். நரசிம்மனிடமிருந்து பதில் வரவில்லை. தினமும் தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார். விசாரணைக்கு மூன்று நாள் இருக்கும்போது கனகம்மா என்னைக் கோயிலுக்கு இழுத்துப் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டு மங்கை தெருமுனையிலேயே நின்றாள். தந்தி.

'ஒன்று மூன்று நான்கு ஏறக்குறைய ஒரே வயது. இரண்டு அவற்றைப் போல் இரு மடங்குக்கும் மேல். விவரம் கடிதத்தில். நரசிம்மன்.'

தெருவிலேயே நான்கு முறை படித்தேன். திட்டு மணலும் கெசாங் மணலும் ஒரே வயது. லிங்கி மணல் அவற்றை விட மிகவும் மூத்தது. ஒரே திட்டிலிருந்து எடுத்த ஒன்றும் நான்கும், தெரியாத கையில், ஒரே பதிலைத் தந்திருக்கின்றன. கனகம்மா என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"அபா ஜாடி?" என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

என் மலாய் அந்த நேரத்தில் சுத்தமாகக் கைவிட்டது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொன்னேன், "ஜெயித்துவிட்டோம்." அவளுக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனாலும் என்னைக் கட்டிக்கொண்டாள்.

7

நகரத்தின் பண்டார் ஹிலிர் பகுதியில் ஓர் அரசாங்கக் கட்டடத்தின் மாடியில் விசாரணை. என்சிக் இஸ்மாயில் தலைமை. அந்த நாற்காலியில் போன வருஷம்வரை ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். பொறியாளர் ஒரு பக்கம். மீனவர்கள் சார்பில் அஹமது இன்னொரு பக்கம். செல்லம்மாவும் ஒரு சீனப் பெண்ணும் கடைசி வரிசையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கணவர் வரைந்த படத்தைச் சுவரில் மாட்டி, நீரோட்டத்தைக் காட்டி, அதற்குள் வந்து சேர்ந்திருந்த நரசிம்மனின் கடிதத்தைப் படித்தேன்.

பொறியாளர் எழுந்தார். நாகரிகமான மனிதர், குரலை உயர்த்தவில்லை. "இந்த முறையில் பிழை நிறைய வரும் என்று இந்த அம்மாளுக்கே தெரியும். எங்கோ இருக்கும் ஒரு நண்பர் அனுப்பிய எண்கள் இவை. நண்பர் இவருக்குப் பிடித்த பதிலைத் தரவில்லை என்பதற்கு என்ன சாட்சி?"

"அவருக்கு எது எந்த மணல் என்று தெரியாது" என்றேன். "தெரிந்த பட்டியல் உங்கள் அலமாரியில் இருக்கிறது, என்சிக். குப்பிகள் கப்பலேறும் முன்பே கொடுத்தது."

குமாஸ்தா உறையைத் தேடிக்கொண்டு வர நேரம் ஆனது. அந்த நேரத்தில் நான் ஜன்னல் வழியாகக் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இஸ்மாயில் முத்திரையைச் சரிபார்த்துத் தம் கையாலேயே பிரித்தார். பட்டியலை ஒரு கையிலும் கடிதத்தை மறு கையிலும் வைத்து மெதுவாகப் படித்தார். பிறகு பொறியாளரை நோக்கித் திரும்பினார்.

"ஒன்றும் நான்கும் ஒரே மணல். இரண்டு இடத்திலும் அவர் ஒரே வயதைத்தான் சொல்லியிருக்கிறார். பிழை இருந்தால் இங்கே தெரிந்திருக்கும், இல்லையா?"

பொறியாளர் இரண்டு தாள்களையும் வாங்கிப் பார்த்தார். "ஆமாம்" என்றார். "தெரிந்திருக்கும்." தம் அறிக்கையை மூடி வைத்தார். "லிங்கியைப் பற்றி நான் எழுதிய பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்."

அஹமது எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சரி, எங்கள் திட்டு?"

அதற்கும் பதில் இருந்தது. மணல் தெற்கிலிருந்து வருகிறதென்றால் தடுப்புச் சுவரும் தெற்கே வேண்டும், வடக்கே அல்ல. பொறியாளரே எழுந்து என் கணவரின் படத்தில் பென்சிலால் இடத்தைக் குறித்தார். முதலில் படகுகளுக்கு ஒரு வழி தோண்டித் தருவது, பிறகு சுவர் என்று அன்று மாலைக்குள் தீர்மானமாயிற்று. டூலாங் சீட்டுகளைப் புதுப்பிக்கும் உத்தரவில் இஸ்மாயில் அங்கேயே கையெழுத்திட்டார். படியிறங்கும்போது பொறியாளர் என்னிடம் வந்து, கெசாங்கின் மேற்பகுதியிலிருந்தும் மணல் எடுத்துப் பார்க்கலாமே, நானும் வரட்டுமா என்று கேட்டார். சரி என்றேன். அந்த வேலைக்கு இப்போது எனக்கு அரசாங்க நியமனமே வந்திருக்கிறது.

8

மறுநாள் காலை மங்கையையும் அழைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் லிங்கிக்குப் போனேன். செல்லம்மா முந்தின நாளே திரும்பிப் போயிருந்தாள். ஆனால் உத்தரவின் நகல் என்னிடம் இருந்தது. அது கையில் இல்லாமல் ஒருத்தியும் ஆற்றில் இறங்க மாட்டோம் என்று பெண்கள் எல்லோரும் கரையில் கூடி நின்றார்கள். டூலாங்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபடி.

"பசியாறிட்டீங்களா டீச்சர்?" என்றாள் செல்லம்மா. கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நகலை வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மங்கை பக்கம் நீட்டினாள். மங்கை அதை மலாயில் உரக்கப் படித்தாள், தடுமாறாமல், ஒவ்வொரு சொல்லாக. பாதிப் பேருக்குப் புரிந்தது. மீதிப் பாதிக்குச் சீனப் பெண் ஒருத்தி தங்கள் பேச்சில் சொன்னாள். என் மகளுக்கு வந்துவிட்ட அந்த மொழியைப் பற்றி இத்தனை நாள் நான் பட்ட வருத்தம் அந்தக் கரையில் எங்கோ போய்விட்டது.

"அப்ப எங்க மணல் இல்லியா டீச்சர்?" கூட்டத்திலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"இல்லை. உங்கள் மணல் வேறு. அதைவிட ரொம்ப மூத்தது. இரண்டு மடங்குக்கும் மேல்."

"பாத்தீங்களாடி" என்றாள் செல்லம்மா. "நம்ம மணல்தான் பெரியவ."

அவள்தான் முதலில் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் டூலாங்கைக் கவிழ்த்து, தண்ணீர்மேல் ஓங்கி அறைந்தாள். பின்னாலேயே இறங்கியவள் அறைந்தாள். பிறகு எல்லோரும். நாற்பது மரத்தட்டுகள் ஆற்றை அறைகிற சத்தம் மறுகரைக் காட்டில் மோதித் திரும்பியது. பறவைகள் கிளம்பிப் போயின. மங்கை காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் புடவையைச் செருகிக்கொண்டு முழங்கால்வரை இறங்கி, கையாலேயே தண்ணீரை அறைந்தேன்.

சத்தம் அடங்கியதும் தட்டுகளை நிமிர்த்தி, மணலை அள்ளி, ஒவ்வொருத்தியாகக் குனிந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் அவர்களுக்கு நிறைய வேலை இருந்தது.